கைதட்டல் ஓய்ந்த பிறகு: சார்ஜண்ட் ஆல்வின் யார்க்கின் ஜீவியம்



யுத்தத்தில் பெயர் வாங்கினவர்கள் உலகத்தில் ஏராளம். வெற்றியோடு வீடு திரும்பினபோது ஊரே திரண்டு வந்து மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, கைதட்டி வரவேற்றிருக்கும். அந்தக் கைதட்டல் எத்தனை நாளைக்கு? ஒரு மாதம், மிஞ்சிப் போனால் ஒரு வருஷம். அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்ன செய்தான்? அங்கேதான் அவனுடைய உண்மையான ஜீவியம் தெரியும்.

அமெரிக்க தேசத்தில் டென்னஸி மாநிலத்தின் மலைநாட்டில் பிறந்த ஆல்வின் யார்க் என்ற தேவ மனுஷனைக் குறித்து இந்த மாதம் தியானிப்போம். முதல் உலக மகா யுத்தத்தில் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் நான் எழுத விரும்புவது அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அல்ல. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த 45 வருஷங்களைப் பற்றியும்தான்.

மலைநாட்டுப் பையன்

டென்னஸியின் வடக்கு எல்லையில், கென்டக்கி மாநிலத்தை ஒட்டி, ஃபென்ட்ரெஸ் கவுன்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே வுல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பால் மால் என்று ஒரு சின்ன கிராமம். சுற்றிலும் மலை, காடு. அந்த நாட்களில் நல்ல ரோடு கிடையாது, நல்ல பள்ளிக்கூடமும் கிடையாது. அங்கே இரண்டே அறைகள் கொண்ட ஒரு மரக்கட்டை வீட்டில் 1887-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி ஆல்வின் பிறந்தார். தகப்பனார் பெயர் வில்லியம், தாயார் பெயர் மேரி. மொத்தம் 11 பிள்ளைகள், அதில் ஆல்வின் மூன்றாவது.

தகப்பனார் விவசாயம் பார்த்துக்கொண்டே கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். வேட்டையில் கெட்டிக்காரர். வீட்டில் பிள்ளைகளுக்கு இறைச்சி வேண்டுமென்றால் காட்டுக்குப் போய் வேட்டையாடித்தான் கொண்டு வரவேண்டும். ஒரு தோட்டாவை வீணாக்கினாலும் நஷ்டம். அதனால் ஆல்வின் சின்ன வயதிலேயே குறி தவறாமல் சுடப் பழகிக்கொண்டார்.

படிப்பு? எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் கூடத் தேறாது! வயலில் வேலை இல்லாத நாட்களில் மட்டும் பள்ளிக்கூடம். அதுவும் சில வாரங்களில் முடிந்துவிடும். பிரியமானவர்களே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர் செய்த காரியங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

1911-இல் தகப்பனார் மரித்துப்போனார். மூத்த சகோதரர்கள் இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். விதவைத் தாயையும், தம்பி தங்கைகளையும் காப்பாற்ற வேண்டிய பாரம் ஆல்வினின் தோள்மேல் விழுந்தது. பகலில் மாடாய் உழைப்பார். ஆனால் கையில் காசு வந்தால் எல்லையோரத்துச் சாராயக் கடைகளுக்குப் போய்விடுவார். குடி, சூதாட்டம், அடிதடி. போலீஸ் பிரச்சினையும் வந்தது.

இதிலே ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? அந்த நாட்களிலும் அவர் சபைக்குப் போகாமல் இருந்ததில்லை! நல்ல குரல் இருந்தபடியால் பாட்டுகளை நடத்தவும் செய்வார். சனிக்கிழமை ராத்திரி சாராயக் கடை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தில் பாட்டு! ஆராதனையில் கை தட்டிப் பாடுகிற எல்லோரும் இரட்சிக்கப்பட்டவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

மனந்திரும்பின புத்தாண்டு

வீட்டிலே ஒரு தாய் விடாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். மகன் எத்தனை மணிக்கு வந்தாலும் தூங்காமல் காத்திருப்பாள். ஒரு ராத்திரி ஆல்வின் குடித்துவிட்டு வந்தபோது, அப்பாவைப் போல எப்போது ஒரு நல்ல மனுஷனாக ஆகப்போகிறாய் என்று அவள் கேட்டாளாம். அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்தக் கேள்வி அவர் உள்ளத்தைக் குத்திப் பிளந்துவிட்டது.

பக்கத்திலேயே கிரேஸி வில்லியம்ஸ் என்ற ஒரு பெண் இருந்தாள். பக்தியுள்ள குடும்பம். ஆல்வினுக்கு அவள்மேல் பிரியம். ஆனால் குடிகாரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பெற்றோர் சம்மதிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் 1914-ஆம் வருஷக் கடைசியில் பால் மாலில் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. ரஸ்ஸல் என்ற ஊழியர் பாவத்தையும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பிரசங்கித்தார். 1915 ஜனவரி 1-ஆம் தேதி, வருஷத்தின் முதல் நாளிலே, ஆல்வின் யார்க் தம்மைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார். அல்லேலூயா! அப்போது அவருக்கு வயது 27.

அவர் சேர்ந்த சபை 1909-இல் ஒகாயோ மாநிலத்தில் தொடங்கின ஒரு சிறு கூட்டம். நம்மைப் போல பெந்தெகொஸ்தே சபை அல்ல. ஆனால் பரிசுத்த ஜீவியத்தைக் கண்டிப்பாய்ப் போதிக்கிற சபை. வேதத்தைத் தவிர வேறு சட்டதிட்டம் வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள்.

மனந்திரும்பின பிறகு பழைய சிநேகிதர்கள் சும்மா விடுவார்களா? ஒரே ஒரு தடவை வா என்று சனிக்கிழமைகளில் வந்து கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அவருக்கு அது பெரிய போராட்டமாய் இருந்தது. ஜெபித்து ஜெபித்து ஜெயங்கொண்டார். குடி போச்சு, சீட்டு போச்சு, சண்டை போச்சு! ஞாயிறு பள்ளி நடத்தினார், சபையில் மூப்பராகவும் ஆனார். பின்னாளில் உலகமே இவருடைய யுத்த வெற்றியைப் புகழ்ந்தது. ஆனால் அவரோ, தம்மைத் தாமே ஜெயித்த இந்த வெற்றிதான் தம்முடைய வாழ்க்கையில் மிகப் பெரியது என்று எண்ணியிருந்தார்.

போகலாமா, கூடாதா?

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலக மகா யுத்தத்தில் இறங்கியது. வாலிபர்கள் எல்லோரும் ஜூன் 5-ஆம் தேதி பெயர் பதிய வேண்டும் என்று கட்டளை வந்தது. ஆல்வினுக்கு உள்ளம் கலங்கிப்போயிற்று. கொலை செய்யாதிருப்பாயாக என்பது கர்த்தருடைய கற்பனை. தேசமோ துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறது. என்ன செய்வது?

அவருடைய சபைப் போதகர் ரோசியர் பைல்தான் கிராமத்தில் கடையும் வைத்திருந்தார், தபால் ஆபீசும் பார்த்தார். பதிவு செய்கிற வேலையும் அவர் கையிலேயே இருந்தது. விலக்கு கேட்கிறாயா என்ற இடத்தில், தமக்குச் சண்டை போட விருப்பம் இல்லை என்று ஆல்வின் எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. யுத்தத்துக்கு எதிராக உங்கள் சபையில் தனிச் சட்டம் எதுவும் எழுதப்படவில்லையே, வேதம்தான் எல்லோருக்கும் இருக்கிறதே என்று தள்ளிவிட்டார்கள். மறுபடியும் மேல்முறையீடு செய்தார். மறுபடியும் இல்லை என்றே பதில் வந்தது.

1917 நவம்பரில் இராணுவத்துக்குப் போனார். பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் கேம்ப் கார்டன் என்ற முகாமில் 82-ஆம் டிவிஷனில் சேர்க்கப்பட்டார். அங்கே மற்ற சிப்பாய்கள் குறி தவறிச் சுட, இவர் ஒன்று கூடத் தவறாமல் சுட்டார். ஆனால் மனுஷனைச் சுட என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்று மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இங்கே கர்த்தர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். அந்த மேலதிகாரி கேப்டன் டான்ஃபோர்த். அவருக்கு மேலே மேஜர் பக்ஸ்டன். இருவரும் வேதம் அறிந்தவர்கள். இவரைக் கோழை என்று திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. ஒரு ராத்திரி உட்கார வைத்து வேதத்தைத் திறந்து நீண்ட நேரம் பேசினார்கள். லூக்கா 22:36-ஐ எடுத்தார்கள், யோவான் 18:36-ஐ எடுத்தார்கள், பட்டயம் வருவதைக் கண்டு எக்காளம் ஊதாத காவற்காரனைப் பற்றிய எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தையும் வாசித்தார்கள். ஆல்வினும் தமக்குத் தெரிந்த வசனங்களைச் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. பிறகு மேஜர் பக்ஸ்டன் இவருக்கு விடுமுறை கொடுத்து, வீட்டுக்குப் போய் யோசித்து வரச் சொன்னார்.

1918 மார்ச்சில் ஊருக்கு வந்தார். தாய் அழுகிறாள், போதகரும் சபையாரும் போகாதே என்கிறார்கள். இவர் ஒருவர் பேச்சையும் பிடித்துக்கொள்ளாமல் தனியாக மலையின்மேல் ஏறி முழங்காலில் நின்றுவிட்டார். மணிக்கணக்காய் ஜெபித்தார். கீழே இறங்கி வரும்போது அவர் உள்ளத்தில் சமாதானம் இருந்தது. போக வேண்டும், கர்த்தர் தம்மைச் சேதமில்லாமல் திருப்பிக் கொண்டு வருவார் என்ற நிச்சயத்தைப் பெற்றிருந்தார்.

விசுவாசி ஆயுதம் எடுக்கலாமா என்ற கேள்விக்குத் தேவ பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதில் சொல்லுவதில்லை. கூடாது என்று சொல்லிச் சிறைக்குப் போன பரிசுத்தவான்கள் உண்டு. கடமை என்று எண்ணிப் போனவர்களும் உண்டு. அந்த விவாதத்தை இந்தப் பக்கத்தில் தீர்க்க நான் முயற்சிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். யார்க் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போகவில்லை. பயந்து ஒளிந்துகொள்ளவும் இல்லை. வேதத்தைத் திறந்தார், முழங்காலில் நின்றார், அதன்பிறகே காலை எடுத்து வைத்தார். நாம் ஒரு வேலையை மாற்றும்போதாவது, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போதாவது இப்படிச் செய்கிறோமா?

1918 அக்டோபர் 8

பிரான்ஸ் தேசத்தில் ஆர்கோன் என்ற காட்டுப் பகுதி. அக்டோபர் 8-ஆம் தேதி காலையில் யார்க்கின் படை முன்னேறியபோது மலைமேலிருந்து ஜெர்மானியரின் மெஷின் கன்கள் புல் அறுப்பதுபோல் ஆட்களை வீழ்த்தின. பின்பக்கமாய்ச் சுற்றிப் போய் அவற்றை அடக்க சார்ஜண்ட் ஏர்லி தலைமையில் 17 பேர் அனுப்பப்பட்டார்கள். அதில் ஒருவர் கார்ப்பரல் யார்க்.

அவர்கள் காட்டுக்குள் புகுந்து, எதிர்பாராமல் இருந்த ஒரு ஜெர்மானியக் கூட்டத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் மேட்டிலிருந்த மெஷின் கன்கள் இவர்கள் பக்கம் திரும்பின. கண்மூடித் திறப்பதற்குள் 6 பேர் செத்தார்கள், 3 பேர் காயப்பட்டார்கள். செத்தவர்களில் ஒருவர் யார்க்கின் நெருங்கிய சிநேகிதன் கார்ப்பரல் முரே சாவேஜ். தலைவர் ஏர்லியும் குண்டடி பட்டு விழுந்துவிட்டார். மீதி இருந்தது யார்க்கும் 7 பேரும்தான். பொறுப்பு யார்க்கின் கைக்கு வந்தது.

மேட்டிலிருந்தவர்கள் இவரைச் சுட வேண்டுமானால் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கின தலைக்கு இவருடைய குறி தப்பவில்லை. ஒரு சமயம் ஓர் அதிகாரியும் 5 பேரும் துப்பாக்கிச் சனியன்களோடு இவரை நோக்கி ஓடி வந்தார்கள். இவர் கைத்துப்பாக்கியை எடுத்து, கடைசியாய் வந்தவனை முதலில் சுட்டார். அப்புறம் அவனுக்கு முன்னாலிருந்தவனை. ஊரில் காட்டு வான்கோழி வேட்டையில் கற்றுக்கொண்ட முறை அது. முன்னால் போவது விழுந்தால் பின்னால் வருவது சிதறி ஓடும். பின்னாலிருப்பது விழுந்தால் முன்னால் போவதற்குத் தெரியாது.

சரணடைந்தால் விட்டுவிடுகிறேன் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் முன்வந்து, சுடுவதை நிறுத்தினால் தம் ஆட்களைச் சரணடையச் செய்வதாகச் சொன்னார். யார்க்கும் மீதிப் பேரும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்த கைதிகள் 132 பேர்! 20-க்கும் அதிகமான ஜெர்மானியர் அந்த இடத்தில் மாண்டிருந்தார்கள். கூட இருந்த 7 பேரும் அந்த வெற்றியில் பங்காளிகள்தான். தங்கள் பங்கு மறைக்கப்பட்டுவிட்டது என்று பின்னாளில் அவர்களில் சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

மறுநாள் யார்க் என்ன செய்தார் தெரியுமா? அனுமதி வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். குற்றுயிராய் யாராவது கிடக்கிறார்களா என்று தேடினார். ஒருவரும் இல்லை. அங்கேயே நின்று ஜெபித்தார். தன் சிநேகிதர்களுக்காக மட்டும் அல்ல. தன் கையால் மாண்டவர்களுக்காகவும் கண்ணீரோடு ஜெபித்தார். வெற்றி பெற்றவன் ஆடிப்பாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். வெற்றி பெற்ற இடத்தில் முழங்கால் போட்டு அழுகிறவனை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்?

விற்பனைக்கு அல்ல

அமெரிக்காவின் மிக உயர்ந்த இராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது. பிரான்சும் விருதுகள் கொடுத்தது. 1919 ஏப்ரலில் ஒரு பிரபலமான வாரப் பத்திரிகை அவருடைய கதையை வெளியிட்டதும் நாடே அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. மே 22-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் வந்து சேர்ந்தபோது ஜனங்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். வாஷிங்டனில் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பின்னாலேயே பிசாசும் பணப்பையோடு வந்தான்! சினிமாவில் நடிக்க வா, நாடக மேடையில் ஏறி நில், எங்கள் சரக்குக்கு விளம்பரம் கொடு என்று கம்பெனிகள் பெருந்தொகையோடு காத்து நின்றன. கையில் காசில்லாத மலைநாட்டு விவசாயி அவர். வீட்டில் விதவைத் தாய். இருந்தும் எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். போட்டிருந்த யூனிஃபார்மை விற்றுப் பிழைக்க அவருக்கு மனமில்லை. மனுஷரைக் கொன்ற நாளைக் காசாக்கவும் அவருக்கு விருப்பமில்லை.

நேரே ஊருக்கு வந்தார். 1919 ஜூன் 7-ஆம் தேதி, மலைச்சரிவில் திறந்த வெளியில், மாநில கவர்னர் ராபர்ட்ஸ் கல்யாணத்தை நடத்தி வைக்க, கிரேஸியைக் கைப்பிடித்தார். மணப்பெண்ணுக்கு வயது 19. வந்த ஜனம் ஆயிரக்கணக்கு. பெண் கொடுக்க மாட்டோம் என்ற குடும்பத்துக்கே கர்த்தர் அவரை மருமகனாக்கினார்!

கடன்காரனான வீரன்

நாஷ்வில் நகரத்து ரோட்டரி சங்கத்தார் அவருக்கு ஒரு பண்ணையைப் பரிசாகக் கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நன்கொடை முழுவதும் வந்து சேரவில்லை. நிலத்தின் தவணைகள் யார்க்கின் தலையில் விழுந்தன. அந்த நேரம் பார்த்து விளைபொருள் விலையும் சரிந்தது. 1921-இல் உலகப் புகழ் பெற்ற வீரன் கடன்காரனாய் நின்றார்! செய்தி வெளியே தெரிந்து, பொதுஜனங்கள் பணம் அனுப்பின பிறகுதான் அந்தப் பாரம் இறங்கினது.

கைதட்டுகிற கைகள் எல்லாம் தூக்கி விடுகிற கைகள் அல்ல. இது அவருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் கசப்படையவில்லை. தன் வீட்டுக் கஷ்டத்தின் நடுவிலும் அவர் கண் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்மேல் இருந்தது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்

யுத்தத்துக்குப் போய் வந்ததில் அவர் கண்ட ஒரு பெரிய உண்மை உண்டு. மலைக்கு அப்பால் ரோடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜனங்கள் முன்னேறியிருக்கிறார்கள். தன் ஊர்ப் பிள்ளைகளோ தன்னைப் போலவே எழுத்தறிவில்லாமல் வளருகிறார்கள். தனக்குக் கிடைக்காத படிப்பு அவர்களுக்காவது கிடைக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தார். ரோடு வேண்டும் என்று அரசாங்கத்தின் வாசலைத் தட்டினார், ரோடு வந்தது. பள்ளிக்கூடத்துக்காக ஊர் ஊராய்ப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார்.

ஜனங்கள் கூட்டத்துக்கு வந்தது யுத்தக் கதை கேட்க. அவர் பேசினதோ மலைநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி! எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்க வந்தவர்களிடம், எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை என்று சொன்னார். தமக்குக் கிடைத்த புகழைப் பிச்சைப் பாத்திரமாய்ப் பிடித்துப் பிள்ளைகளுக்காகக் கையேந்தினார்.

வேலை சுலபமாய் நடக்கவில்லை. பள்ளி எந்த இடத்தில் வர வேண்டும், யார் கையில் நிர்வாகம் என்று உள்ளூர் பெரிய மனுஷர்கள் எதிர்த்து நின்றார்கள். வருஷக்கணக்கில் இழுபறி. இவருக்கோ படிப்பும் இல்லை, கமிட்டி அரசியலும் தெரியாது. கடைசியில் 1926-இல் ஜேம்ஸ்டவுன் ஊரில் யார்க் விவசாயக் கல்வி நிலையம் உருவானது. பையன்களும் பெண் பிள்ளைகளும் எழுத்துப் படிப்போடு கைத்தொழிலும் விவசாயமும் கற்றுக்கொள்ளும்படியான பள்ளி.

பிறகு 1930-களில் பொருளாதார நெருக்கடி. ஆசிரியருக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை, பிள்ளைகளைக் கூட்டி வரும் பஸ்ஸுக்குப் பணம் இல்லை. என்ன செய்தார்? தன் பண்ணையை அடமானம் வைத்தார்! முன்பு கடனில் முழுகிப் போக இருந்த அதே பண்ணை. அந்த நிலத்தின்மேல் மறுபடியும் கடன் வாங்கிப் பள்ளியை நடத்தினார்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? 1936-இல் நிர்வாகப் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. மறு வருஷம் மாநில அரசே பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஒரு சாதாரண மனுஷனாய் இருந்தால், என் பெயரில் உள்ள பள்ளியிலேயே எனக்கு இடமில்லையா என்று வாசலில் நின்று சண்டை போட்டிருப்பான். பள்ளி நடந்தால் போதும், பிள்ளைகள் படித்தால் போதும் என்பதே இவருடைய வாஞ்சை. 1930-களின் பிற்பகுதியில் கம்பர்லண்ட் மலைப் பூங்காவில் மேற்பார்வையாளராக வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார்.

அந்தப் பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. ஆயிரமாயிரம் மலைநாட்டுப் பிள்ளைகள் அதில் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். கர்த்தருக்கே மகிமை!

வேதாகமப் பள்ளிக்காக

அவருடைய வாழ்க்கையை சினிமாவாக எடுக்க ஒரு தயாரிப்பாளர் 1919-லிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். யார்க் 20 வருஷமாய் மறுத்தார். சினிமாவைக் குறித்து நம் சபைகளுக்கு இருக்கிற எண்ணம்தான் அவருக்கும். ஆனால் மலைநாட்டில் ஒரு வேதாகமப் பள்ளி கட்ட வேண்டும் என்ற பாரம் அவரை அழுத்தியது. கையில் பணமில்லை. அந்தக் காரியத்துக்காக 1940-இல் சம்மதித்தார். 1941-இல் படம் வெளிவந்தது. அவர் செய்தது சரியா என்று நாம் கேட்கலாம். ஆனால் பணம் போன வழியைப் பாருங்கள். பால் மாலிலே வேதாகமப் பள்ளிக்குக் கட்டடம் எழும்பியது. யுத்த காலமாகையால் அந்தப் பள்ளி நெடுநாள் நடக்கவில்லை. மீதிப் பணத்திலும் பெரும்பகுதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது 54 வயதில் மறுபடியும் பெயர் கொடுத்தார். உடல் பருமனும் நோயும் இருந்தபடியால் போர்முனைக்கு எடுக்கவில்லை. முகாம்களுக்குப் போய் வாலிபர்களைத் தைரியப்படுத்தினார். சொந்தக் கவுன்டியில் ஆள்சேர்ப்புக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட குழுவின் முன்னால் விலக்கு கேட்டு நின்ற அதே மனுஷன்! இரு பக்கத்து வேதனையும் தெரிந்தவராய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைசி சோதனை

முதிர்வயதில் அவருக்கு இன்னொரு புயல். சினிமா வருமானத்துக்கு வரி சரியாகக் கட்டவில்லை என்று வரி இலாகா நோட்டீஸ் விட்டது. 1951-இல் வட்டியோடு சேர்ந்து கேட்ட தொகை 1,72,000 டாலர். வந்ததையெல்லாம் கொடுத்துவிட்ட மனுஷனிடம் ஏது பணம்? வழக்கு 10 வருஷம் இழுத்தது. 1954-இல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். காட்டில் ஓடி வேட்டையாடின கால்கள் அசையவில்லை. கிரேஸி அம்மாள் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார்கள்.

1961-இல் வரி இலாகா 25,000 டாலருக்கு ஒத்துக்கொண்டது. பாராளுமன்ற சபாநாயகர் சாம் ரேபர்ன் முதலானோர் முயற்சி எடுக்க, நாடெங்கும் ஜனங்கள் காணிக்கை அனுப்பி அந்தக் கடனைத் தீர்த்தார்கள். கொடுக்கிறவனைக் கர்த்தர் கைவிடமாட்டார்!

1964 செப்டம்பர் 2-ஆம் தேதி, 76-ஆம் வயதில், நாஷ்வில் ஆஸ்பத்திரியில் ஆல்வின் யார்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஜனாதிபதி ஜான்சனின் சார்பில் ஜெனரல் ரிட்ஜ்வே அடக்க ஆராதனைக்கு வந்தார். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். தாம் பிறந்து, பாவம் செய்து, மனந்திரும்பி, ஊழியம் செய்த அதே வுல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே அவர் சரீரம் அடக்கம் பண்ணப்பட்டது. 1984-இல் கிரேஸி அம்மாளும் அவர் பக்கத்திலேயே இளைப்பாறப் போனார்கள்.

நமக்கு என்ன?

தேவ ஜனமே, இந்த ஜீவியம் நம்மோடு என்ன பேசுகிறது?

முதலாவது, மனந்திரும்புதல் ஆரம்பமே தவிர முடிவு அல்ல. 1915 ஜனவரி 1-ஆம் தேதி சாட்சியை மட்டும் சொல்லிக்கொண்டு யார்க் காலம் தள்ளவில்லை. அந்த சாட்சிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வந்தது, ரோடு வந்தது, வேதாகமப் பள்ளி வந்தது. நாமோ 20 வருஷத்துக்கு முன்னால் இரட்சிக்கப்பட்ட கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் நம்மால் யாருக்கு என்ன நன்மை?

இரண்டாவது, கர்த்தர் தந்த பெயரும் தாலந்தும் விற்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு. ஒருவருக்குப் பாடுகிற வரம், ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்கு உத்தியோகம். அதை வைத்து நாம் உயருகிறோமா, நலிந்தவர்களை உயர்த்துகிறோமா?

மூன்றாவது, நன்றி கிடைக்காவிட்டாலும் நன்மை செய்யலாம். கலாத்தியர் 6:9-ஐ எடுத்து வாசியுங்கள். சோர்ந்து போகாமல் செய்கிறவனுக்கு ஏற்ற காலத்தில் அறுவடை உண்டு. யார்க்கின் கையிலிருந்து பள்ளியின் பொறுப்பு போனது. ஆனால் அறுவடை இன்றும் நடக்கிறது.

நான்காவது ஒன்றைப் பாரத்தோடு சொல்லுகிறேன். சமூக சேவை உலகக் காரியம், நாம் ஜெபித்தால் போதும், பிரசங்கித்தால் போதும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். ஜெபம் வேண்டும், உபவாசம் வேண்டும், ஆவியின் அபிஷேகம் வேண்டும். அது இல்லாமல் ஒன்றும் இல்லை. ஆனால் மலையின்மேல் ஜெபித்தவர் கீழே இறங்கி வந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். முழங்கால் ஜெபமும் கையின் வேலையும் அவருக்கு ஒன்றாய் இருந்தது. நம் ஆராதனையில் நம் பக்கத்திலேயே உட்காருகிற ஒரு விதவையின் பிள்ளை பீஸ் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தியிருக்கலாம். கை உயர்த்தி அல்லேலூயா சொல்லுகிற நமக்கு அது தெரியுமா? வாரத்தில் 6 நாள் பூட்டிக் கிடக்கிற சபைக் கட்டடத்தில் சாயங்காலம் 10 பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு வாலிபன் எழும்பமாட்டானா? நாம் படிக்காதவர்களாய் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருஷம் கூடப் படிக்காத மனுஷனைக் கொண்டுதான் கர்த்தர் ஒரு மலைநாட்டுக்கே பள்ளிக்கூடம் கொடுத்தார்.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் இதைக் குறித்துப் பேசுங்கள். உங்கள் தெருவிலோ சபையிலோ உள்ள ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்து எழும்பினதும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோக பிதாவே, எங்களை இரட்சித்ததற்காக ஸ்தோத்திரம். மனுஷரின் கைதட்டலுக்காக அல்ல, உம்முடைய சமுகத்தில் உத்தம ஊழியக்காரராய்க் காணப்படுவதற்காக வாழ எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் முழங்காலையும் எங்கள் கைகளையும் உமக்கே ஒப்புக்கொடுக்கிறோம். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே, ஆமென்!